சூசையப்பர் நகராத அளவு

செராமிக் தொழிற்பேட்டைக்குப் பின்தெருவில் ஒரு மாடியில் குடியிருக்கிறோம். கீழே வீட்டுக்கார அக்கா. அச்சில் வார்த்த பொம்மைகளை முன்னறைத் தட்டுகளில் காயவைத்து, காய்ந்ததும் பேட்டைச் சூளைக்கு அனுப்புவார். சூளை காணாத பொம்மை விழுந்தால் வெறும் மண். நான் டிவிக்கு அடித்தொனிப் பெட்டியான சப்வூஃபர் வாங்கிய வாரம் தட்டு முழுக்கக் கிறிஸ்துமஸ் குடில் பொம்மைகள்: மாதா, அவர் கணவர் சூசையப்பர், மூன்று ராஜாக்கள், ஒட்டகம், ஆடுகள். திட்டக்குடிப் பக்கத்து மாதா கோவில் ஒன்றுக்குப் போகவேண்டியவை.

மூலையில் வைத்தால் அதிர்வு கூடும் என்று கையேடு சொன்னது. மூலையில் வைத்தேன். ஸ்பீக்கர்களை இயக்கும் ரிசீவர், அளவு பார்க்க ஒவ்வொன்றிலும் ஒரு இரைச்சலை விடும். எல்லாவற்றுக்கும் சத்தம் அளக்கும் மீட்டரில் ஒரே எண் வரவேண்டும். என் மீட்டர், போனில் இறக்கிய ஆப். மற்ற ஸ்பீக்கர்கள் சொன்னபடி கேட்டன. சப்வூஃபருக்கு மட்டும் எண் ஏறவே இல்லை. அதன் சத்தத் திருகை ஏற்றிக்கொண்டே போனேன். போனின் மைக்குக்கு அடித்தொனி சரியாகக் கேட்காது என்பதைப் பிறகுதான் படித்தேன்.

கதவு தட்டப்பட்டது. அக்கா. கையில் தலையில்லாத ஆட்டுக்குட்டி.

"மேல என்ன சார் ஓடுது?"

"சத்தத்த அளவு பண்றேங்க்கா."

"சூசையப்பரு செவுத்தப் பாத்துத் திரும்பிட்டாரு. ராஜா ஒருத்தரு தட்டு ஓரத்துல நிக்கிறாரு. ஆடு போனா போவுது. மாதா வுழுந்தாங்கன்னா வேற வூடு பாத்துக்குங்க."

"பொட்டிய மட்டும் காலி பண்ணச் சொல்லுங்கக்கா, நாங்க இருந்துக்கறோம்" என்றாள் என் மனைவி, சமையலறையிலிருந்து.

அதன்பின் மேலும் கீழும் வேலை நடந்தது. அக்கா கீழே தட்டருகே இரு கைகளையும் விரித்தபடி நின்றார். மனைவி எனக்குப் போன் போட்டபடி அவர் பக்கத்தில். நான் மேலே பெட்டியை மூலையிலிருந்து இழுத்து, மடித்த போர்வைமேல் வைத்து, திருகைக் குறைத்து, இரைச்சலை விட்டேன்.

"நடக்கறாரு" என்றாள் மனைவி போனில்.

"யாரு?"

"மூணாவது ராஜா."

இன்னும் குறைத்தேன்.

"ராஜா நின்னுட்டாரு. ஒட்டகம் தலையாட்டுது."

பின்னால் அக்காவின் குரல்: "அதுக்குக் கழுத்து மெலிசு. லாரி போனாலும் ஆடும். அத வுடு, மாதாவப் பாரு."

மேலும் ஒரு சுற்றுக் குறைத்தபோது கீழே யாரும் அசையவில்லை. ஆப் காட்டிய எண் மற்ற ஸ்பீக்கர்களுக்கு வெகு கீழே இருந்தது. அக்கா மேலே வந்து, மனைவியிடம் நெயில் பாலிஷ் வாங்கி, திருகு நின்ற இடத்தில் சிவப்பாக ஒரு புள்ளி வைத்தார்.

அன்று மாலை ஒரு சண்டைப் படம் பார்த்தோம். குண்டு வெடிப்பது பக்கத்து வீட்டில் யாரோ பாய் உதறுவதுபோல் கேட்டது. "இப்பத்தான் பேசறது புரியுது" என்றாள் மனைவி.

மறுநாள் அக்காவிடம் கேட்டேன். "இந்தப் புள்ளி, பொம்மைங்க சூளைக்குப் போற வரைக்கும்தானேக்கா?"

"தட்டு எப்ப சார் காலியா இருந்துச்சு? அடுத்து புள்ளையாரு. அவரு கனம், கொஞ்சம் ஏத்திக்கலாம்."

மாதா விழாமல் சூளைக்குப் போனார். நாங்களும் அதே வீட்டில் இருக்கிறோம். பிள்ளையார்கள் தட்டுக்கு வந்த அன்று அக்கா தானே மாடியேறி வந்தார். என்னை இரைச்சலை விடச் சொல்லி, கீழே போய்ப் பார்த்து, திரும்பி வந்து, முதல் புள்ளிக்கு ஒரு விரற்கடை தள்ளி இரண்டாவது புள்ளி வைத்துவிட்டுப் போனார்.