கொக்கு ஐயாவின் கரை

என் அக்காள் மாரி-ரோஸைக் கட்டிக்கொண்ட இக்னாஸ் அத்தானைப் பற்றிச் சொல்ல வேண்டுமென்றால் அவருடைய கக்கூஸிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். மரியாதைக் குறைவாகச் சொல்லவில்லை. சைகோனில் ஓடைக்கரையில் வீடு கட்டியவர்கள் எல்லோரும் தண்ணீருக்கு மேலே நாலு கம்பு நட்டு, இரண்டு பலகை போட்டு, அந்தக் காரியத்தை அங்கேயே முடித்துக்கொண்டார்கள். அத்தான் மட்டும் ஓடையை விட்டு எவ்வளவு தூரம் விலக முடியுமோ அவ்வளவு தூரம் விலகி, தெருவாசலுக்குப் பக்கத்தில் குழி தோண்டி, ஓடு வேய்ந்து கட்டினார். அந்த வீட்டுக்கு வருகிறவர்கள் முதலில் தரிசிப்பது கக்கூஸை; பிறகுதான் மாதா படத்தை. வீடு மந்திரிக்க வந்த பங்குச் சாமியார், தீர்த்தத்தை எங்கிருந்து தெளிக்க ஆரம்பிப்பது என்று தெரியாமல் வாசலிலேயே தயங்கி நின்றார்.

அத்தான் காரைக்காலில் பிறந்தவர். சின்ன வயதிலேயே கப்பலேறி வந்து, சைகோன் சுங்கத்தில் குமாஸ்தாவாகச் சேர்ந்தார். அந்தச் சுங்க இலாகாவை, பிரெஞ்சு ஆட்சியில் இருந்த ஊர்களிலிருந்து வந்த எங்கள் ஆட்கள் 'துவான்' என்பார்கள். எழுத்துப் பிழையைக் கண்டால் அவருக்கு வயிறு வலிக்கும். பிரெஞ்சுக்கார மேலதிகாரி எழுதிய பிரெஞ்சையே திருத்திக் கொடுத்து, அதனாலேயே கடைசிவரை பதவி உயர்வு இல்லாமல் இருந்தவர். ஆனால் முப்பது வருஷம் சோறு போட்ட ஊரின் பாஷையை மட்டும் அவர் படிக்கவில்லை. பிரெஞ்சுக்காரன் படிக்காததை நாம் ஏன் படிக்க வேண்டும் என்பது அந்தக் காலத்தில் எங்கள் ஆட்களின் கொள்கை. மார்க்கெட்டில் கேட்ட பத்துப் பன்னிரண்டு வார்த்தைகளை வைத்துக்கொண்டு, அவற்றையும் காரைக்கால் வழக்கப்படி பேசுவார். நான் சைகோனில் பிறந்தவள். அவர் வியட்நாமியம் பேசும்போதெல்லாம் நான் வேறு பக்கம் பார்த்துக்கொள்வேன்.

வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும், ஐம்பத்தொன்றாம் வருஷம், சைகோனை ஒட்டிய ஜியா-தின் பக்கம் ஓர் ஓடையை ஒட்டி நிலம் வாங்கினார். பிரெஞ்சுக்காரர்களுக்கும் கெரில்லாக்களுக்கும் யுத்தம்; நகரத்துக்குள் குண்டு வெடித்துக்கொண்டிருந்ததால் நிலம் மலிவாகக் கிடைத்தது. நகரத்துக்கு வெளியே சுட்டுக்கொண்டிருந்ததால் அங்கே இன்னும் மலிவு. அத்தான் வாங்கியது இரண்டுக்கும் நடுவில். கரையோரம் முழுக்கத் தண்ணீர்த்தென்னை. பேர்தான் தென்னை, அடிமரமே இல்லாமல் சேற்றிலிருந்து மட்டை மட்டையாக ஆளுயரத்துக்கு மேல் கிளம்பி நிற்கும். அதற்குள் மீன்கொத்தி, நண்டு, உடும்பு. சாயங்காலம் ஆனால் கொக்குகள். வயல்களிலிருந்து கூட்டம் கூட்டமாக வந்து இறங்கி, இடம் பிடிப்பதற்காக ஒன்றோடொன்று சண்டை போட்டுவிட்டு, இருட்டியதும் அடங்கும்.

வீடு கட்ட வந்தவர் லெயோன் என்ற புதுச்சேரி மேஸ்திரி. கெட்டிக்காரர்.

"முஸ்ஸே இக்னாஸ், இந்த மட்டையெல்லாம் வெட்டிட்டு, உடைஞ்ச கல்லு மண்ண ஓடையில தள்ளிட்டோம்னா இன்னும் இருவது அடி நெலம் கெடைக்கும். எல்லாரும் அப்படித்தான் செய்றாங்க. சும்மா கெடக்குற எடம்."

"சும்மா கெடக்கலப்பா. குடியிருக்காங்க."

"யாரு?"

"கொக்கு."

லெயோன் சிரித்தார். அத்தான் சிரிக்கவில்லை. வீட்டைக் கரையிலிருந்து நன்றாகத் தள்ளிக் கட்ட வைத்தார். கரைப் பக்கம் ஒரு மட்டையைக்கூட ஒடிக்கக் கூடாது என்று ஒவ்வொரு ஆளிடமும் சொன்னார். சுண்ணாம்புச் சட்டியை ஓடையில் கழுவிய கொத்தனார் அன்று சாயங்காலமே வேலையிலிருந்து போனார். அக்காள் வாத்து வளர்க்க ஆசைப்பட்டாள், கூடாது. நாய்? அதுவும் கூடாது. ஓடையில் துணி துவைக்கலாமா என்றால், சோப்பு ஆகாதாம். "உலகத்துக்கு ஒரு வழி, இந்த மனுஷனுக்கு ஒரு வழி" என்று அக்காள் என்னிடம் புலம்பினாள். தண்ணீர் பார்த்த வீடு வேண்டும் என்று கேட்டவளுக்குத் தெரு பார்த்த கக்கூஸ் கிடைத்தது.

ஏன் இந்தப் பிடிவாதம் என்று ஒருநாள் கேட்டேன். துவானில் சேர்ந்த புதிதில், பாரீஸ் சீமாட்டிகளின் தொப்பிக்காகக் கொக்கு இறகு பெட்டி பெட்டியாகக் கப்பலேறியதாம். குஞ்சு வளர்க்கிற காலத்தில்தான் அந்த இறகு முளைக்குமாம். கூட்டிலேயே வைத்துச் சுடுவார்களாம். எல்லாப் பெட்டிக்கும் முத்திரை குத்தியது அத்தான்.

"ஒரு பெட்டியிலயாவது எழுத்துப் பிழை இருந்தா நிறுத்தியிருப்பேன். எல்லாம் சரியா இருந்துச்சு" என்றார். அதைச் சொன்னபோது அவர் முகத்தைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது. அதற்கப்புறம் அந்தப் பேச்சை வைத்து நான் அவரைக் கேலி செய்ததில்லை. மற்ற எல்லாவற்றுக்கும் செய்தேன்.

வீடு முடிந்ததும் கூரைக்கு மட்டை வெட்டுகிறவர்களும், கரி ஏற்றிவந்து கரையில் கட்டுகிற படகுக்காரர்களும் வந்துவிடக் கூடாதே என்று கரையில் ஒரு பலகை நட்டார். பிரெஞ்சில் எழுதினால் யாருக்கும் புரியாது என்று, வாழ்நாளில் முதல் தடவையாக வியட்நாமியத்தில் எழுதினார். யாரிடமும் கேட்கவில்லை. பிழை திருத்துகிற மனிதர் அடுத்தவரிடம் கேட்பாரா?

வீடு மந்திரிப்பு அன்றுதான் அதை நான் பார்த்தேன். பார்த்ததும் கையிலிருந்த பலகாரத் தட்டைக் கீழே வைத்துவிட்டேன்.

அந்த பாஷையில் 'கோ' என்றால் கொக்கு. நம் கொக்கில் பாதி என்று அத்தான் சுலபமாக மனப்பாடம் செய்திருந்தார். ஆனால் விலங்கு, பறவையைச் சொல்லும்போது முன்னால் 'கோன்' என்று சேர்க்க வேண்டும்: கோன் கோ. பெரிய மனிதர்களைச் சொல்லும்போதுதான் 'ஓங்'. ஐயா என்கிற மாதிரி. எங்கள் அத்தானோ பூனையைக்கூட 'வாங்க, போங்க' என்று கூப்பிடுகிறவர். நரியாருக்கும் காக்கையாருக்கும் உள்ள மரியாதை கொக்குக்கு இல்லாமல் போவானேன் என்று, தாராளமாக 'ஓங் கோ' என்று எழுதிவிட்டார். 'இது கொக்கு ஐயாவின் இடம். தயவு செய்து கெடுக்காதீர்கள்' என்று எழுதியதாக அவர் நினைப்பு.

சைகோனில் பச்சைக் குழந்தைக்குக்கூடத் தெரியும், ஓங் கோ என்றால் கொமிசேர், அதாவது வட்டாரப் போலீஸின் தலைமை அதிகாரி. கொமிசேர் என்கிற நீளமான பிரெஞ்சு வார்த்தையை ஊர் ஜனங்கள் கத்தரித்து, கோ என்று ஆக்கிவைத்திருந்தார்கள்.

அக்காளைச் சமையலறைக்குள் இழுத்துப்போய் விஷயத்தைச் சொன்னேன். 

"ஏன்டி அந்துவானேத், கொமிசேர் எடம்னா திருடன் வருவானா?"

"எப்படி வருவான்?"

"அப்ப வாய மூடிக்க."

மூடிக்கொண்டோம். குரங்கு பிடிக்கப் போய்ப் பிள்ளையாராக முடிந்தது. மட்டை வெட்டுகிறவர்கள் பலகையைப் படித்துவிட்டு எதிர்க்கரைக்குப் போனார்கள். கரிப் படகுகள் அந்த இடம் வந்ததும் சத்தம் போடாமல் துடுப்புப் போட்டன. பிறகு பிரெஞ்சுப் பட்டாளம் வந்தது. கெரில்லாக்கள் பதுங்காதபடி ஓடைக்கரைப் புதர் எல்லாவற்றையும் வெட்டச் சொல்லி அவர்களுக்கு உத்தரவு. வெட்டிக்கொண்டே வந்து, அத்தான் வேலியோரம் வந்ததும், கூட வந்த மொழிபெயர்ப்பாளர் பலகையைப் படித்து சார்ஜெண்டின் காதில் ஏதோ சொன்னார். சார்ஜெண்ட் பலகைக்கு ஒரு சல்யூட் அடித்துவிட்டு, அடுத்த வேலியிலிருந்து வெட்ட ஆரம்பித்தார். சரி, இவ்வளவு புதர் இருக்கிறதே, கெரில்லாக்களாவது வந்து பதுங்கினார்களா என்றால், போலீஸ் வீட்டுக் கொல்லையில் போய்ப் பதுங்க அவர்களுக்கு என்ன பைத்தியமா? இரண்டு பக்கமும் மதித்த ஒரே எல்லை அந்த யுத்தத்தில் எங்கள் அத்தானின் எழுத்துப் பிழைதான்.

அத்தானுக்கோ பெருமை தாங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கோயில் வாசலில் ஆளைப் பிடித்து நிறுத்திச் சொல்வார்: "இந்த ஜனங்கள நாம என்னமோன்னு நெனக்கிறோம். ஒரு பலகைதான் வச்சேன். சண்ட நடக்குற ஊர்ல, ஒருத்தன் ஒரு மட்டையில கை வைக்கல. பட்சி மேல என்னா மரியாதை!" கேட்கிறவர்கள் தலையாட்டுவார்கள். வியட்நாமியம் தெரிந்தவர்கள் இருமுவார்கள். அவர் சந்தோஷமாக இருந்தார். அதைக் கெடுக்க எனக்கு மனசு வரவில்லை.

பிரெஞ்சுக்காரர்கள் மூட்டை கட்டினார்கள். புது அரசாங்கம் வந்தது. தெருக்களுக்கெல்லாம் பேர் மாறி, காலையில் ஒரு தெருவிலிருந்து கிளம்பியவர்கள் சாயங்காலம் வேறொரு தெருவுக்குத் திரும்பினோம். எங்கள் ஆட்கள் பாதிப் பேர் கப்பலேறினார்கள். அத்தான் போகவில்லை. கொக்குக்கு யார் பொறுப்பு என்றார்.

அந்தப் பகுதிக்குப் புதிதாக ஒரு கொமிசேர் வந்தார். தமக்கு ஓடைக்கரையில் நிலம் இருக்கிறது என்று யாரோ சொல்லி அவருக்குத் தெரியவந்தது. அக்கம்பக்கத்தில் விசாரித்தார். எல்லோரும் ஒரே வாயாக, "ரொம்ப காலமா ஓங் கோ இடம்தானே" என்று சத்தியம் செய்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஜீப்பில் வந்து இறங்கினார். நல்லவேளை, நான் அங்கே இருந்தேன். கக்கூஸைக் கொஞ்சம் வியப்போடு பார்த்துவிட்டு உள்ளே வந்தார்.

"ஓங் கோவின் நிலத்தைப் பார்க்க வந்தேன்" என்றார்.

அத்தானுக்கு அதில் இரண்டு வார்த்தை புரிந்தது. முகம் மலர்ந்துவிட்டது.

"அவங்களப் பாக்கவா வந்திருக்காரு? சாயங்காலந்தான் வருவாங்கன்னு சொல்லு. உக்காரச் சொல்லு. அக்காகிட்ட காப்பி போடச் சொல்லு."

இனி மறைக்க முடியாது. கொமிசேரை வைத்துக்கொண்டே, தமிழில், எல்லாவற்றையும் சொன்னேன். ஓங் என்பது என்ன, கோன் என்பது என்ன, பலகை எதைச் சொல்கிறது என்று. அத்தான் குறுக்கே பேசாமல் கேட்டார்.

"அப்ப அந்த சார்ஜெண்ட்?"

"போலீசுக்கு பயந்து, அத்தான்."

"கரிப் படகுக்காரங்க?"

"அவங்களும்தான்."

"கொக்குக்காக ஒருத்தர்கூடவா இல்ல?"

 ஐந்து வருஷமாக அவரைப் பார்த்துச் சிரித்ததற்கெல்லாம் அந்த நிமிஷம் வெட்கப்பட்டேன்.

அவர் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, குமாஸ்தா குரலில் சொன்னார்: "பிழைன்னா திருத்தணும். நெலம் என்னுது, எழுதுனது கொக்க பத்தின்னு சொல்லிடு."

சொன்னேன். கொமிசேர் முதலில் விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு நிலம் போய்விட்டது உறைத்ததும் சிரிப்பு நின்றது. "சரி, பலகையை மாற்றிவிடுங்கள்" என்றார். "ஆனால் தனி ஆளின் சொந்த நிலம் என்றால் கரைப் புதர் வெட்டும் சட்டம் பொருந்தும். அது இன்னும் ரத்தாகவில்லை. நாளைக்கு வெட்ட ஆட்களை அனுப்புகிறேன்."

அதையும் அத்தானிடம் சொன்னேன். வெளியே மட்டைகள் காற்றில் உரசிக்கொண்டிருந்தன. அவர் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஓங் கோ எடமா இருந்தா?"

கேட்டேன். "போலீஸ் இடத்தில் கை வைக்க எவனுக்குத் துணிச்சல்?" என்றார் கொமிசேர். "காவலுக்கு ஆள் போடுவேன். என் உத்தியோகம் முடிந்த பிறகு நிதானமாக ஒரு வீடு கட்டுவேன்."

அத்தான் எழுந்து நின்றார்.

"பலகையில பிழை இல்லன்னு சொல்லு, அந்துவானேத்."

காப்பியோடு வந்த அக்காள் அப்படியே நின்றுவிட்டாள். "என்னாங்க இது? நெலத்த விட்டுக்குடுக்குறீங்களா?"

"நம்ம பாட்டன் பிரெஞ்சுக்காரன் முன்னால நின்னு, சாதி வேணாம், ஊர் வழக்கம் வேணாம், பேர்கூட வேணாம்னு எழுதிக் குடுத்துட்டு வந்தான். ரெனோன்சான்னு, அதாவது எல்லாத்தையும் விட்டவன்னு, நமக்குப் பட்டம். எதுக்காக விட்டான்னு இதுவர எனக்குப் புரியல. நான் எதுக்கு விடுறேன்னு எனக்குத் தெரியும்."

கரை மட்டும் போயிற்று. வீடும் கக்கூஸும் மிஞ்சின. அக்காள் அவரோடு ரொம்ப நாள் பேசவில்லை. நானும் அவளோடு சேர்ந்துகொண்டு, கொக்குத் தலையில் வெண்ணெய் வைத்துப் பிடித்தவரைக்கூடக் கேள்விப்பட்டிருக்கிறேன், கொக்குக்கு நிலத்தையே எழுதி வைத்தவரை இப்போதுதான் பார்க்கிறேன் என்று பொரிந்து தள்ளினேன்.

அந்தக் கொமிசேர் வீடு கட்டவில்லை. கட்டுவதற்குள் அரசியல் மாறி அவரை எங்கேயோ தூக்கியடித்தார்கள். அடுத்து வந்தவர், நிலம் ஆளுக்கா நாற்காலிக்கா என்று தெரியாமல், தாம் கட்டி அடுத்தவன் குடியிருப்பதா என்று சும்மா விட்டார். அதற்கடுத்தவரும் அப்படியே. ஆனால் காவலுக்கு மட்டும் ஒரு போலீஸ்காரர் தவறாமல் நின்றார்.

அத்தான் சாவதற்கு முந்தின வருஷம் ஒருநாள் நான் அங்கே போயிருந்தேன். கொக்குகள் வந்து இறங்குகிற நேரம். அத்தான் வெள்ளைக் கால்சட்டையோடு கரைப்பக்கமிருந்து வேகமாகத் திரும்பி வந்துகொண்டிருந்தார். பின்னால் புதிதாக வந்த காவல்காரப் பையன் தடியை ஆட்டிக்கொண்டு அவரை விரட்டிக்கொண்டிருந்தான். எனக்குக் கோபம் தலைக்கேறியது. யாருடைய நிலத்திலிருந்து யாரை விரட்டுகிறாய் என்று அவனை ஒரு பிடி பிடிக்கக் கிளம்பினேன். அத்தான் என் கையைப் பிடித்து நிறுத்தினார். மூச்சு வாங்கியது, ஆனால் முகமெல்லாம் சிரிப்பு.

"விடு, விடு, அவன ஒண்ணும் சொல்லாத. சரியான ஆளு. என்னையே உள்ள விடமாட்டேங்குறான்!"