சிவப்பு நூல் முடிச்சு

அவள் கேட்டது ஒரே ஒரு மீன். பெரிய மீன்கூட வேண்டாம். கணவன் கடைசியாகக் கட்டிய முடிச்சு இருந்த இடத்திலேயே இருக்க வேண்டும், அந்த அளவிலேயே ஒரு மீன் கடிக்க வேண்டும். அதற்காகத்தான் அந்தத் தையல்காரி ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் விடியாததுமாக, வாழ்நாளெல்லாம் திட்டித் தீர்த்த தூண்டிலைத் தோளில் சாத்திக்கொண்டு பாலத்தடிக்கு நடந்தாள்.

மற்ற நாட்களில் அவள் உலகம் கடைத்தெருவில் ஒரு மாடிப்படிக்குக் கீழே முடிந்துவிடும். ஒரு மெஷின், ஒரு ஸ்டூல், ஓரம் உடைந்த ஆளுயரக் கண்ணாடி. புதுத்துணி தைப்பதில்லை. பழைய துணியைப் பிரித்து, இப்போதைய உடம்புக்கு ஏற்றபடி திருத்திக் கொடுப்பதுதான் தொழில்.

"போன வருஷம் கச்சிதமா இருந்துச்சும்மா. துணி சுருங்கிடுச்சு போல" என்பார் பேன்ட்டோடு வருகிறவர்.

"துணி சுருங்கல சார். உங்க வயிறுதான் என்னைக் கேக்காம வளந்துடுச்சு. குடுங்க, பிரிச்சு விடுறேன்."

சிரித்துக்கொண்டே போவார்கள். அவர்கள் போனதும் அவள் முகத்திலிருந்த சிரிப்பும் போய்விடும். கண்ணாடியில் ஒரே ஒருத்தி உட்கார்ந்திருப்பாள்.

கணவன் மருந்துக்கடையில் பில் போட்டவர். அதிர்ந்து ஒரு வார்த்தை பேசமாட்டார். ஆனால் திருடுவார்! அவளுடைய சிவப்பு நூல்கண்டு மட்டும் மாதத்துக்கொரு தடவை காணாமல் போகும்.

"என் நூல எவன் எடுத்தான்?"

"மீன் எடுத்துட்டுப் போயிருக்கும், ஊசி." அவளை அவர் அப்படித்தான் கூப்பிடுவார்.

அந்த நூலைத் தூண்டிலின் நைலான் நரம்பில் ஒரு சின்ன முடிச்சாகக் கட்டுவார். தக்கை நரம்பில் வழுக்கிக்கொண்டு மேலேறி, அந்த முடிச்சில் முட்டி நிற்கும். முடிச்சிலிருந்து முள் வரை எவ்வளவு நீளமோ, அவ்வளவு ஆழத்தில் புழு தொங்கும். எதிர்க்கரைக்காரனுக்குக்கூடத் தெரிய வேண்டுமென்று சிவப்பு.

கோடையின் கடைசி ஞாயிற்றுக்கிழமை. ஆற்றிலிருந்து வந்தார், தூண்டிலை வீட்டிலிருந்த பழைய மெஷினுக்குப் பின்னால் சாத்தினார், "கொஞ்சம் கண்ணசர்றேன் ஊசி" என்று படுத்தார். எழுந்திருக்கவே இல்லை.

அவர் சட்டைகளைக் கொடுத்துவிட்டாள். செருப்பைக் கொடுத்துவிட்டாள். தூண்டிலை மட்டும் கொடுக்க முடியவில்லை. அந்த விரல்கள் இந்த உலகத்தில் கடைசியாகச் செய்து வைத்த காரியம், நரம்பில் இறுகிக் கிடந்த அந்தச் சிவப்பு முடிச்சு அல்லவா? டேப்பை எடுத்து அளந்து பார்த்தாள். பிறகு தினமும் அளந்தாள். ஒரு நூலிழைகூட நகரக்கூடாது.

ஆற்றில் அவளுக்குப் பேச்சுத்துணை ஒருவர்தான். பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். காது மந்தமானதால் எதையும் கத்தித்தான் பேசுவார். கரையில் எல்லோரும் அவரை ஹாரன் என்பார்கள். இறந்தவரை மச்சான் என்று கூப்பிட்டுப் பழகியவர், அதனால் அவளைத் தங்கச்சி என்பார்.

"தங்கச்சி! கட்டிப்போட்ட மாடு மாதிரி தக்கையைப் பிடிச்சுக்கிட்டு நிக்காத! ஆறு ஓடுதுல்ல? அதும் ஓடட்டும், விடு!"

விட்டாள். தக்கை தறிகெட்டு ஓடியது.

"அதுக்காக அத்துவிட்டுடாத! லேசா விரலால தடுத்துத் தடுத்து விடு. மேல ஓடுற தண்ணி வேகமா போகும், அடித்தண்ணி மெதுவாத்தான் போகும். நீ கொஞ்சம் தடுத்தாத்தான் புழு முன்னால போகும், தக்கை பின்னால வரும். மீன் மொதல்ல புழுவைப் பாக்கணுமா, கயித்தைப் பாக்கணுமா?"

நரம்பு தண்ணீரில் வளைந்து விழுந்தால் கம்பை உயர்த்தித் தூக்கிப் போடவும், தக்கை தூரத்தில் மறையும் வரை விட்டுவிட்டு மறுபடி ரீலில் சுற்றவும் மெல்ல மெல்லப் பழகினாள். நூல் பிடித்த விரல்கள்தானே! ஆனால் கை பழகிய நேரத்தில் மேற்கே மழை கொட்டி, ஆறு செம்மண் நிறத்தில் ஏறிவிட்டது. ஹாரனுக்கு மீன் மேல் மீன். அவளுடைய தக்கையோ எதுவும் தீண்டாமல் பாலத்தூணைத் தாண்டிப் போகும், வெறுங்கையோடு வரும். கல்யாண வீட்டில் யாரும் வாவென்று சொல்லாத விருந்தாளிபோல.

"மழைத்தண்ணியில மீன் அடியில படுத்துக்கும் தங்கச்சி. உன் புழு நடு ஆத்துல ஊஞ்சல் ஆடுது. முடிச்சை மேல ஏத்து. தக்கை மேல நின்னாத்தான் புழு கீழ போகும்."

"வேண்டாம் அண்ணே."

"அப்ப மீன் உன் புழுவைத் தேடி மாடிப்படி ஏறி வரணுமா?"

"வரட்டும். நான் காத்திருக்கேன்."

வாரங்கள் போயின. மழை நிற்கவில்லை. ஒருநாள் கடையில் ஒரு பெண் பழைய கவுன் ஒன்றைக் கொண்டுவந்தாள். திருத்துவதற்கு முன் தையல்காரி வழக்கம்போலப் பழைய தையல் இருந்த இடத்தில் வெள்ளை நூலால் ஓர் அடையாளம் போட்டாள். போட்ட கை அப்படியே நின்றது. முகம் மலர்ந்துவிட்டது.

அந்த ஞாயிற்றுக்கிழமை கரையில் உட்கார்ந்து, கணவனின் முடிச்சை ஒட்டி வெள்ளை நூலில் இன்னொரு முடிச்சு போட்டாள். பிறகு மூச்சைப் பிடித்துக்கொண்டு சிவப்பை மேலே நகர்த்தினாள். அவர் அளவும் இருக்கும், மீனும் வரும்! தக்கையை வீசினாள்.

ஒன்றும் மாறவில்லை. புழு அதே நடு ஆற்றில் ஆடியது.

ஹாரன் வந்து நரம்பைக் கையில் வாங்கிப் பார்த்தார். முதல் தடவையாகக் குரலைத் தாழ்த்தினார்.

"ரெண்டு முடிச்சு இருந்தா தக்கை கீழ் முடிச்சிலயே நின்னுடும்மா. வெள்ளை இருக்கிற வரைக்கும் சிவப்பு எங்க இருந்தும் பிரயோஜனம் இல்ல."

அவள் நரம்பைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். "இதையும் எடுத்துட்டா அவரு வச்ச இடம் எதுன்னே தெரியாமப் போயிடும் அண்ணே."

"மச்சான் வச்ச இடமா?" அவர் ஆற்றைப் பார்த்தார். "அந்த மனுஷன் ஒரு காலைப்பொழுது அதை ஒரே இடத்துல விட்டதில்லையே. வந்ததும் ஒரு அளவு, வெயில் ஏறினா ஒரு அளவு. அன்னைக்கும் கிளம்பறப்ப, 'சரியில்ல, அடுத்த வாரம் மாத்திப் பாக்கணும்'னுதான் சொல்லிட்டுப் போனாரு."

அடுத்த வாரம்!

அவள் அழுதாள். ஹாரன் தன் தூண்டில் இருந்த இடத்துக்குத் திரும்பிப் போனார்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு, இடுப்பில் செருகியிருந்த சின்னக் கத்தரியால் வெள்ளை முடிச்சை வெட்டினாள். ஊசியில் கோக்கும் நூலை ஈரப்படுத்துவதுபோல, சிவப்பு முடிச்சை உதட்டில் வைத்து நனைத்தாள். நகத்தால் இன்னும் கொஞ்சம் மேலே தள்ளினாள். இத்தனை நாள் காத்த முடிச்சு, எந்த முரண்டும் பிடிக்காமல் நகர்ந்தது. அதுதான் அவளுக்கு அதிகம் வலித்தது.

தக்கை மிதந்தது. விரலால் தடுத்தாள், விட்டாள், தடுத்தாள். பாலத்தூணுக்குப் பக்கத்தில் தக்கை ஒருமுறை தலையாட்டியது. சட்டென்று உள்ளே போய்விட்டது. கம்பை உயர்த்தினாள். அந்தப் பக்கத்திலிருந்து உயிருள்ள ஏதோ ஒன்று அவளை இழுத்தது!

"விடாத தங்கச்சி! கம்பைத் தூக்கு! சுத்து, சுத்து!" ஹாரன் ஊருக்கே கேட்கும்படி அலறினார்.

சுற்றச் சுற்ற, சிவப்பு முடிச்சு தண்ணீரிலிருந்து எழுந்து, கம்பின் வளையங்களுக்குள் ஒவ்வொன்றாக நுழைந்து வந்து, ரீலுக்குள் புகுந்து, நரம்புச் சுற்றுகளுக்கு அடியில் மறைந்தது. கரையில் வெள்ளியாக ஒரு மீன் துள்ளியது.

"ஏங்க, பாத்தீங்களா?" என்று சந்தோஷத்தில் திரும்பிவிட்டாள்.

பின்னால் ஈரப்புல்தான் இருந்தது.

மீன் ஒரு ஆளுக்கு அதிகம். பாதியை ஹாரனுக்குக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்து, தூண்டிலை மெஷினுக்குப் பின்னால் சாத்தினாள். பழக்கத்தில் கை டேப்பைத் தேடிப் போனது. எடுத்தாள், பார்த்தாள், கழுத்தில் போட்டுக்கொண்டு மீனை அலச உட்கார்ந்தாள். தண்ணீர் வடிந்தால் அடுத்த வாரம் முடிச்சைக் கொஞ்சம் கீழே இறக்க வேண்டியிருக்கும்.