கவிழ்ந்து கிடந்த சிரட்டை

இராஜத்தை மிஞ்சி ரப்பர் பால் வெட்ட ருவான்வெல்லைப் பக்கத்தில் ஆளில்லை. இதை நான் சொல்லவில்லை, அவளேதான் சொல்வாள். தோட்டத் தொழிலாளர் லயத்தில் பக்கத்துக் காம்பிரா வீட்டில் குடியிருக்கிற பாவத்துக்குத் தினமும் அதைக் கேட்பவன் நான். பால் வடிய மரத்தில் கட்டியிருக்கும் தேங்காய்ச் சிரட்டையில் மழைத்தண்ணீர் கிடந்தால் கொட்டிவிட்டுத்தான் வெட்டுவாள். பாலை எடுத்ததும் சிரட்டையைக் கவிழ்த்துவிடுவாள். டெங்கு பார்க்க வந்த சுகாதாரப் பரிசோதகர், ஒரு சொட்டுத் தண்ணீர் தேங்காத அவள் வாசலை மெச்சிவிட்டுப் போனார். அதிலிருந்து தலைக்கனம் இன்னும் கூடியது.

பிள்ளையில்லாத அந்த வீட்டில் டிக்கிரி என்ற பெட்டை நாய்தான் செல்லம். கோழி பிடிக்கிறது என்று லயத்துச் சனமே சண்டைக்கு வந்ததால், அதைப் பின்வாசலில் சங்கிலி போட்டுக் கட்டினார்கள். கொஞ்ச நாளில் அங்கே மூத்திர நாற்றம் மூக்கைத் துளைத்தது.

"நாய் மூத்திரம் இப்படி நாறக்கூடாது இராஜம். டாக்டர்கிட்ட காட்டு" என்றேன்.

"அது பால் வாளியில உள்ள அமோனியா வாடை. ஒங்க மூக்குதான் சரியில்ல."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. பால் உறையாமலிருக்க ஊற்றும் அந்த மருந்தை முகர்ந்து முகர்ந்து மரத்துப்போனது அவள் மூக்குதான். டிக்கிரி சோற்றைத் தொடாமல் சுருண்டு படுத்த பிறகுதான் பயந்தாள். அவள், அவள் புருஷன் ஐயாவு, நான் மூவரும் த்ரீவீல் ஆட்டோவில் மிருக வைத்தியரிடம் ஓடினோம்.

அவர் சிங்களத்தில் பொறுமையாக விளக்கினார். மூத்திரப்பையில் கிருமி, கல், சீனி வருத்தம் என்கிற நீரிழிவு, பெட்டைக்குக் கர்ப்பப்பையில் சீழ் என்று நாற்றத்துக்குக் காரணம் பலவாம். சோதித்துவிட்டு, "கிருமி இருக்கிறது. அதைவிட மோசம், இது தண்ணீரே குடிக்கவில்லை. இப்படியே போனால் சிறுநீரகம் கெட்டுச் செத்துவிடும்" என்றார்.

ஐயாவு பதறினார். "வெள்ளன வேலைக்குப் போறப்ப அதுக்குச் சிரட்டை நெறைய தண்ணி ஊத்தி வச்சிட்டுத்தானே போறேன்."

"அவரு போன பொறகு நானும் பின்வாசல் வழியா வேலைக்குப் போயிட்டு மத்தியானம் வந்து பாக்கையில சிரட்டை கவுந்துதான் கெடக்கும். குடிச்சிட்டுத் தட்டிவிட்டுருதுனு நெனச்சேன்" என்றாள் இராஜம்.

வீடு திரும்பியதும் ஐயாவு முதல் வேலையாகச் சிரட்டையை நிரப்பி டிக்கிரியின் முன்னால் வைத்தார். மருந்துப் பையோடு பின்னால் வந்த இராஜம் என்னிடம் பேசிக்கொண்டே நடந்தாள்.

"தண்ணிதான் முக்கியமாம். நெறைய குடிக்க வைக்கணுமாம்."

பேச்சு நிற்கவில்லை. குனிந்தாள், சிரட்டையை எடுத்தாள், தண்ணீரைக் கொட்டினாள், கவிழ்த்து வைத்தாள், நடந்தாள்.

நான் அவளையே பார்த்தேன். ஐயாவு வாயைத் திறந்தபடி நின்றார்.

"என்ன, ரெண்டு பேரும் அப்படிப் பாக்குறீங்க?"

ஐயாவு சிரட்டையைக் கைகாட்டினார். அவள் அதைப் பார்த்தாள். ஈரமாயிருந்த தன் விரல்களைப் பார்த்தாள்.

"அப்ப தெனமும் நான்தானா?"

டிக்கிரி தள்ளாடி எழுந்து வந்து ஈர மண்ணை நக்கத் தொடங்கியது. இராஜம் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய்க் கட்டிக்கொண்டாள்.

"நீங்களே ஊத்துங்க" என்றாள் புருஷனிடம்.