கோணல் குச்சியும் நாற்பதாவது சுவரும்

கம்ப்யூட்டரில் ஆடுகிற ஆட்டம் எழுத்து இல்லாமல் புரிய வேண்டும். இதுதான் என் கட்சி. நான் பள்ளிக்கூடத்துப் பக்கம் போகாதவன். பஸ் போர்டுகளைப் பார்த்துப் பார்த்துத் தமிழை எழுத்துக்கூட்டக் கற்றவன். அப்படிப்பட்டவனையும் உட்காரவைத்து, இன்னது செய் என்று சொல்லாமல் சொல்லிவிடுகிற ஆட்டம் எதுவோ அதுவே நல்ல ஆட்டம். மற்றதெல்லாம் வெறும் சத்தம்.

இந்தப் பைத்தியம் எனக்குத் தொண்ணூறுகளில் பிடித்தது. டிவியில் மாட்டி ஆடுகிற பெட்டி ஒன்றை மகளுக்கென்றுதான் வாங்கினேன். அவள் இரண்டு நாள் ஆடிவிட்டுத் தெருவில் கட்டம் போட்டுப் பாண்டி ஆடப் போய்விட்டாள். நான் எழுந்திருக்கவில்லை. செங்கல் உடைத்தேன், டாங்கி ஓட்டினேன், வாத்து சுட்டேன். அந்தப் பெட்டியோடு வந்த கைப்பிடியைச் செய்தவன் மட்டும் என் எதிரில் வந்தால் நாலு வார்த்தை கேட்டிருப்பேன். நாலு மூலையும் உள்ளங்கையைக் குத்தும். சிலுவை மாதிரி இருக்கிற பொத்தானை அழுத்தி அழுத்திக் கட்டைவிரலில் தோல் உரிந்துவிடும். மற்றவர்களுக்குத் தோல் உரிந்தால் மருந்து போட்டுக்கொண்டு போய்விடலாம். பட்டு நெய்கிறவனுக்கு அது முடியாது. சொரசொரப்பான விரல் பட்டால் இழையில் பிசிறு கிளம்பும்.

"இந்தக் கையோட தறில ஒக்காராத, சொல்லிட்டேன்" என்று என் மனைவி விரட்டுவாள். அப்போது வேறு வழியில்லாமல் மறுபடியும் ஆடுவேன்.

அப்புறம் இரண்டாயிரம் பிறந்து சில வருடம் கழித்து, அவளுடைய தம்பி கண்ணமங்கலத்திலிருந்து வந்து ஆரணி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் நாலு கம்ப்யூட்டர் வைத்து பிரவுசிங் சென்டர் திறந்தான். நாலிலும் விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ். வேலூரில் வாங்கிய ஒரு புத்தகத்தோடு சிடியாக ஒட்டி வந்தது அது. "காசும் குடுக்கல, திருடவும் இல்ல மாமா. யாரு வேணா எடுத்துக்கலாம்னே குடுத்துகிறாங்க" என்று பெருமையாகச் சொன்னான். அந்த சிடிக்குள்ளேதான் என் நத்தை இருந்தது.

ஒரு ஈரச் சுவர். அதில் ஒரு நத்தை. அங்கங்கே இலைகள். நத்தை எல்லா இலையையும் தின்ன வேண்டும். போன வழியெல்லாம் வெள்ளைக் கோடு விழும். தன் கோட்டைத் தானே தொடக் கூடாது. வெயில் ஏறிச் சுவர் காய்வதற்குள் முடிக்க வேண்டும். நாற்பது சுவர், அவ்வளவுதான். யாரோ ஒரே ஆள் வீட்டில் உட்கார்ந்து செய்தது என்றான் மச்சான். ஒருத்தர் கை செய்தது என்பது பார்த்தாலே தெரியும். சுவரில் ஒரு மூலையில் பல்லி வாலை மட்டும் ஆட்டிக்கொண்டிருக்கும். ஆட்டத்துக்கு அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை. பத்துப் பேர் கூடிச் செய்தால் அந்தப் பல்லியை எடுத்திருப்பார்கள்.

கீபோர்டில் இதை ஆட முடியாது. கீபோர்டுக்கு ஓடு, நில் என்ற இரண்டுதான் தெரியும். நத்தைக்கு மூன்றாவதாக ஒன்று வேண்டும்: மெல்லமாக. பாசி படிந்த இடத்தில் வேகமாகப் போனால் வழுக்கி விழுந்துவிடும். அதற்குக் குச்சிதான் சரி. மச்சானிடம் ஒரு பழைய ஜாய்ஸ்டிக் இருந்தது. கனமான அடிப்பெட்டி, நடுவில் நீட்டிக்கொண்டு ஒரு குச்சி. கொஞ்சம் சாய்த்தால் கொஞ்சம் போகும், நிறையச் சாய்த்தால் நிறையப் போகும். ஸ்பிரிங் மட்டும் இன்னும் கொஞ்சம் தளர்வாக இருந்திருக்கலாம்.

எனக்குப் பிடித்தது ஊருக்குப் பிடிக்கவில்லை. வருகிறவர்களெல்லாம் கார் ரேஸ் கேட்டார்கள். லினக்ஸில் அந்த கார் ஓடாது. பக்கத்துக் கடை ஜெராக்ஸ்காரர் தினமும் டீ கிளாஸோடு வந்து நின்று மச்சானுக்கு ஓதுவார்.

"எல்லா ஊர்லயும் கார் ஓட்டினுகிறான். நீ இன்னான்னா உங்க மாமாவ வச்சி நத்தை ஓட்டினுகிற. கடை எப்பிடிபா ஓடும்?"

ஒரு செவ்வாய்க்கிழமை சாயந்தரம் மச்சான் தலையைச் சொறிந்துகொண்டு சொன்னான்: "மாமா, தப்பா எடுத்துக்காதீங்க. வர ஞாயித்துக்கிழம எல்லாத்தயும் அழிச்சிட்டு வேற போடப்போறேன். நத்தை அதுல வராது."

நான் அப்போது முப்பத்தோராவது சுவரில் இருந்தேன். கடைசிச் சுவரில் என்ன இருக்கும் என்பதைப் பார்க்காமல் செத்தால்கூடப் பரவாயில்லை, பார்க்காமல் உயிரோடு இருப்பதுதான் கஷ்டம் என்று தோன்றியது. ஞாயிற்றுக்கிழமைக்குள் மீதியை முடித்தே தீருவது என்று முடிவு செய்தேன்.

புதன்கிழமை ஜாய்ஸ்டிக் வயர் மீது யாரோ இரும்பு நாற்காலியை நகர்த்தி, வயர் நசுங்கிப் போனது. மச்சான் ஏதோ வேலையாகச் சேத்துப்பட்டு போயிருந்தான். எனக்குப் பொறுமையில்லை. மூலையில் கிடந்த செத்துப்போன இன்னொரு ஜாய்ஸ்டிக்கிலிருந்து முனையோடு வயரை வெட்டி எடுத்தேன். உள்ளே எட்டுக் கம்பி. ஆறு, நிறத்துக்கு நிறம் பொருந்தியது. மிச்சம் இரண்டு இந்தப் பக்கம் மஞ்சள், பச்சை. அந்தப் பக்கம் பழுப்பு, வெள்ளை.

மற்றவனாக இருந்தால் அங்கே நின்று யோசித்திருப்பான். நான் யோசிக்கவில்லை. தறியில் நெடுக்காக ஓடுகிற பழைய பாவு முடிந்தால் புதுப் பாவை அதன் முனையோடு இழை இழையாக முறுக்கிச் சேர்ப்போம். ஆயிரக்கணக்கான இழை, எல்லாம் ஒரே நிறம். நிறம் பார்த்து யார் சேர்க்க முடியும்? எது எதன் பக்கத்தில் படுத்திருக்கிறதோ அந்த வரிசைதான் கணக்கு. அதே கை, அதே பழக்கம். பக்கத்தில் படுத்திருந்ததைப் பக்கத்தில் படுத்திருந்ததோடு முறுக்கினேன். இன்சுலேஷன் டேப் சுற்றினேன். ரொம்ப அழகாக இருந்தது.

குச்சியை முன்னால் தள்ளினேன். மேலே போக வேண்டிய நத்தை இடது பக்கம் போனது. இடது பக்கம் தள்ளினால் மேலே ஏறியது. பெட்டியைக் குறுக்கே திருப்பி வைத்துப் பார்த்தேன். மேலும் கீழும் சரியானது. இடமும் வலமும் மாறிக்கொண்டது.

வியாழக்கிழமை மச்சான் வந்து டேப்பைப் பார்த்துச் சிரித்தான். "கம்பி பாவு மாதிரி வரிசையா படுக்காது மாமா. உள்ள முறுக்கினு கெடக்கும். ரெண்டும் மாறிப்போச்சி."

"பிரிச்சி மாத்துடா."

"நீங்க முறுக்குன முறுக்குக்கு பிரிச்சா கம்பி ஒடஞ்சிடும். இன்னொருவாட்டி வெட்டி சேத்தா வயர் மேசைக்கே எட்டாது."

அன்று பூராவும் ஒரு சுவர்கூடத் தாண்டவில்லை. கண் ஒன்று சொன்னது, கை வேறொன்று செய்தது. சாயந்தரம் என் மனைவி தேடிக்கொண்டு வந்துவிட்டாள். தறியில் கோர்வைப் புடவை பாதியில் நின்றது. குறுக்கு இழையை ஓட்டுகிற நாடா கரைக்கு ஒன்று, உடம்புக்கு ஒன்று. ஒரு பக்கம் நான், மறுபக்கம் அவள் இருந்தால்தான் அது நகரும்.

"இன்னாய்யா, பொட்டிக்குள்ள பூந்துட்டியா? எப்ப வருவ?"

"இது முடிஞ்சா வந்துடுவேன்."

"எப்ப முடியும்?"

"குச்சி கோணலாயிடிச்சிமே. முடியாது போலகீது."

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "குடு இப்பிடி. நான் முடிச்சித் தரேன், நீ எழுந்து வா." திரையைப் பார்த்துக்கொண்டே ஆட்டினாள். அவளுக்கும் அதே கதிதான். அப்போதுதான் எனக்குத் தோன்றியது. தறியில் நான் குரல் கொடுத்தால் அவள் நாடாவைத் தள்ளுவாளே தவிர என் பக்கம் திரும்பிப் பார்க்க மாட்டாள். பார்க்கிற கண்தானே கையைக் கெடுக்கிறது? அவள் நாற்காலியைத் தெருவைப் பார்க்கத் திருப்பி, பெட்டியை மடியில் வைத்தேன்.

"மேலன்னா இடது. கீழன்னா வலது. இடதுன்னா முன்னால தள்ளு. வலதுன்னா பின்னால இழு. திரும்பிப் பாத்துடாத."

"இது இன்னா பெரிய வித்தை? சொல்லு."

"மேல. மேல. வலது. மெல்லமா... மெல்லமாமே! கீழ!"

"கத்தாத. காது கேக்குது."

அரை மணியில் முப்பத்தோராவது சுவர் முடிந்தது. வெள்ளிக்கிழமை நாலு சுவர். சனிக்கிழமை மத்தியானத்துக்குள் இன்னும் நாலு. தெருவில் போனவர்கள் எட்டிப் பார்க்க ஆரம்பித்தார்கள். கம்ப்யூட்டருக்கு முதுகைக் காட்டி ஒரு அம்மா உட்கார்ந்திருக்கிறாள், பின்னால் ஒரு ஆள் கத்துகிறான். என்ன ஜோசியம் பார்க்கிறார்களா என்று ஒருத்தர் கேட்டார். ஜெராக்ஸ்காரர் கடையை அப்படியே விட்டுவிட்டு வந்து எங்கள் பக்கத்தில் நின்றார்.

நாற்பதாவது சுவர் வந்தது. அதில் கோடும் இல்லை, பாசியும் இல்லை. ரொம்ப உயரமான வெறும் சுவர். உச்சியில் ஒரே ஒரு இலை.

"மேல" என்றேன்.

அவள் குச்சியை இடது பக்கம் சாய்த்துப் பிடித்தாள். நத்தை ஏறியது. ஏறிக்கொண்டே இருந்தது. வெயில் கீழேயிருந்து துரத்திக்கொண்டு வந்தது.

"இன்னா, ஒண்ணுமே சொல்லமாட்டேங்கிற? செத்துப்போச்சா?"

"இல்ல. மேலதான்."

"கை வலிக்குதுய்யா."

"விட்டுடாத தாயி" என்றார் ஜெராக்ஸ்காரர். அவர் டீ ஆறிப் போயிருந்தது.

வெயில் வாலைத் தொடப் போகிற நேரத்தில் நத்தை இலையைத் தின்றது. பிறகு கொம்பிரண்டையும் உள்ளே இழுத்துக்கொண்டு, ஓட்டுக்குள் சுருண்டு படுத்தது. திரை மெதுவாக இருட்டானது. எழுத்து எதுவும் வரவில்லை.

அவள் திரும்பினாள். கறுப்புத் திரைதான் இருந்தது. "இன்னாச்சி?"

"தூங்கிடிச்சி."

"தூங்கிடிச்சா? மூணு நாளா கைய ஒடச்சிகினு நான் ஓட்டிகிறேன், அது மூஞ்ச கூட சரியா பாக்கல. நீங்க எல்லாரும் பாத்துட்டீங்க!"

ஞாயிற்றுக்கிழமை மச்சான் புது சிடியோடு வந்தபோது அவனுடைய அக்கா ஏற்கெனவே கடை வாசலில் நின்றுகொண்டிருந்தாள். உள்ளே போய், திரையைப் பார்த்து உட்கார்ந்து, முதல் சுவரிலிருந்து ஆரம்பித்தாள். நத்தை போகாத இடமெல்லாம் போனது.

"யாருய்யா இந்த வயர சேத்தது?" என்று கத்தினாள். கடையில் இருந்த எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"அக்கா எழுந்துக்கற வரைக்கும் நான் கை வைக்கமாட்டேன்பா" என்று ஜெராக்ஸ்காரரிடம் சொல்லிவிட்டு, மச்சான் சிடியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். நான் கொடுத்த வாக்குப்படி வீட்டுக்குப் போய்த் தறியில் உட்கார்ந்தேன். மறுபக்கம் ஆள் இல்லை. கொஞ்ச நேரம் கரையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு எழுந்து, மறுபடியும் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன்.

"வந்தியா? ஒக்காரு" என்றாள் அவள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "ரெண்டாவது செவுரு. வாய மூடிகினு பாரு."