இருபத்திமூன்றாம் நம்பர் சட்டை

எழுபதுகளின் கடைசியில் ஸ்ரீரங்கத்தில் ஒரு தையல் கடையில் காஜா எடுத்துப் பட்டன் கட்டிக்கொண்டிருந்தேன். எட்டாம் வகுப்பைப் பாதியில் விட்ட பிறகு அது ஆறாவதோ ஏழாவதோ வேலை. கடையில் மாஸ்டரும் நானும்தான்.

யாராவது வந்து கேட்டால்தான் மாஸ்டர் தைப்பார். அதுவரை துணி, நம்பர் சீட்டு குத்திய காகிதப் பொட்டலமாக அலமாரியில் கிடக்கும். வரிசையையும் தாண்ட மாட்டார். பதினேழாம் நம்பர்க்காரர் வந்து நின்றால், விட்ட இடத்திலிருந்து பதினேழு வரை எல்லாவற்றையும் தைப்பார். தைத்ததை அதே காகிதத்தில் சுற்றி அதே இடத்தில் வைத்துவிடுவார். பார்த்தால் எது ஆனது, எது ஆகாதது என்று தெரியாது.

"எது வரைக்கும் ஆச்சு மாஸ்டர்?" என்று கேட்டால் போச்சு. யாரோ கேட்டு வந்துவிட்டார்கள் என்று அடுத்த பொட்டலத்தைப் பிரித்துவிடுவார். அப்புறம் எனக்கு விரல் வீங்கும்வரை காஜா. அதனால் கேட்பதை விட்டேன். பொட்டலத்தை அழுத்திப் பார்ப்பேன். காலர் விறைப்பாகத் தட்டுப்பட்டால் தைத்தாயிற்று. மெத்தென்றால் வெறும் துணி.

ஒரு மத்தியானம், மாஸ்டர் சாப்பிடப் போன நேரத்தில், மணப்பாறையிலிருந்து ஒருவர் வந்தார். மறுநாள் மெட்ராஸில் இன்டர்வியூ, சாயங்காலம் ரயில். போட்டிருந்த சட்டை தோளில் கிழிந்திருந்தது. சீட்டில் இருபத்திமூன்று.

வரிசையாக அழுத்திக்கொண்டே போனேன். பதினாறு வரை விறைப்பு. பதினேழை வாங்கிப் போய்விட்டார்கள். பதினெட்டு மெத்தென்றிருந்தது.

"இன்னும் ஆறு சட்டை இருக்குங்க. இன்னைக்கு ஆகாது."

"மாஸ்டர்கிட்ட ஒரு வார்த்தை கேளுங்கண்ணே."

"கேட்டா பதினெட்டுல ஆரம்பிப்பாரு. உங்க முறை வர்றதுக்குள்ள ரயில் விழுப்புரம் தாண்டிடும்."

அவர் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

பதினொன்று நினைவுக்கு வந்தது. அதை யாரும் கேட்டு வரவில்லை. பதினேழுக்குப் போகும் வழியில் தைத்தது. இரண்டு மாதமாகக் கிடந்தது. பிரித்துக் கொடுத்தேன். கை கொஞ்சம் நீளம். மடித்துவிட்டுக்கொண்டு போனார்.

மாஸ்டர் வந்ததும் சொன்னேன். "பதினொண்ணு நாளைக்கே வந்து நின்னா, உன் தோலை உரிச்சுக் குடு" என்றார்.

பதினொன்று வரவில்லை. ஒரு வாரம் கழித்து மணப்பாறைக்காரர்தான் வந்தார். சட்டையைத் துவைத்து இஸ்திரி போட்டுக் கொண்டுவந்திருந்தார். "சட்டை நல்லா இருந்துச்சுண்ணே" என்றார், அவ்வளவுதான். வேலை பற்றி நான் கேட்கவில்லை. தன் சட்டையை அவரும் கேட்காமல் போனார்.

ஆடியில் அந்தக் கடையை விட்டேன். கிளம்பும் முன் இருபத்திமூன்றை அழுத்திப் பார்த்தேன். மெத்தென்றிருந்தது.