பெயர்ப் பலகை இல்லாத கடை

ஆரியசாலையில் எங்கள் மளிகைக் கடைக்கு ஞாயிறு விடுமுறை. அன்று நானும் என் கணவரும் ஸ்கூட்டரில் ஏதாவது சின்ன ஊருக்குப் போய் நல்ல காபிக் கடை தேடுவோம். குடித்துவிட்டுக் குறை சொல்வது என் பழக்கம்.

ஒரு ஞாயிறு, பொன்முடி மலையிலிருந்து இறங்கும்போது மழை பிடித்துக்கொண்டது. கல்லாறு அருகே ஒரு ஓட்டுக் கட்டடத்தின் முன்னால் பந்தலும், அதன் கீழ் மேசை நாற்காலிகளும் தெரிந்தன. ஓடிப்போய் உட்கார்ந்தோம். உள்ளிருந்து ஓர் அம்மாள் எட்டிப் பார்த்தார்.

"சேச்சி, ரெண்டு காபி. நல்ல சூடா," என்றேன்.

காபியோடு, கேட்காத உண்ணியப்பமும் வந்தது. எனக்குச் சூடு போதவில்லை. கிளாஸைத் திருப்பிக் கொடுத்தேன். முகம் சுளிக்காமல் சுடவைத்துத் தந்தார்.

கணவர் பணத்தை நீட்டியபோதுதான் அந்த அம்மாள் சிரித்தார். "இது கடையில்ல மோளே, எங்க வீடு. நேத்து மகளுக்கு நிச்சயம். வாடகை மேசை, கசேரை எடுக்க வண்டி இன்னும் வரல்ல."

எனக்கு வேர்த்துவிட்டது. "முன்னாடியே சொல்லியிருக்கலாமே சேச்சி."

"நனைஞ்சு வந்து காபி கேக்கறவங்ககிட்ட அதையா சொல்றது?"

அதற்குள் இரண்டு இளைஞர்கள் பைக்கை நிறுத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்கள். "சேச்சி, ரெண்டு சாயா."

சேச்சி என்னைப் பார்த்தார். நான் முந்தானையைச் செருகிக்கொண்டு அடுக்களைக்குப் போய் டீ போட்டுக் கொண்டுவந்தேன்.

ஒருவன் ஒரு வாய் குடித்தான். "கடுப்பம் போரா சேச்சி," என்று கிளாஸை நீட்டினான்.

வாங்கிக்கொண்டு உள்ளே போய் இன்னும் கொஞ்சம் தேயிலை போட்டேன். பக்கத்தில் சேச்சி வாயைப் பொத்திச் சிரித்துக்கொண்டிருந்தார்.

இப்போதும் ஞாயிறுகளில் கடை தேடிப் போகிறோம். காபி ஆறியிருந்தால் ஆறியதையே குடித்துவிடுகிறேன்.