வெயில் இல்லாத ஊரின் உப்பு

என் அக்கா டெல்லியில் ஐந்து வருடம் ரஷ்ய சரித்திரம் படித்தாள். அந்த நாட்டின் வடகடற்கரையில் மடத்துத் துறவிகள் உப்பு காய்ச்சியதை ஆராய்ந்து டாக்டர் பட்டம் வாங்கினாள். உப்பைப் பற்றித் தெரிந்துகொள்ளத் தூத்துக்குடியிலிருந்து டெல்லிக்குப் போனவள் அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள். எங்கள் வீட்டிலிருந்து சைக்கிளில் பத்து நிமிடம் போனால் உப்பளம்.

புதுத் துறைமுகத்துக்குக் கப்பல்கள் வரத் தொடங்கியிருந்த சமயம், ஊரில் ஒரு கல்லூரி சரித்திர விரிவுரையாளர் வேலைக்கு அவளை நேர்காணலுக்கு அழைத்தது. அது கிடைக்காவிட்டால் ஆழ்வார்திருநகரியில் ஒரு மாப்பிள்ளை தயாராக இருந்தார். அவர் வீட்டார் போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்றுதான்: பெண் வேலைக்குப் போகக் கூடாது. பட்டத்தைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டிக்கொள்ள ஆட்சேபணை இல்லையாம்.

நான் ஓர் உப்புக் கம்பெனியின் சோதனைக்கூடத்தில் கெமிஸ்ட். பட்டியல் போடாமல் எனக்கு எதுவும் ஓடாது. கேட்கக்கூடிய கேள்விகள் பன்னிரண்டை எழுதிக் கொடுத்தேன். முதல் கேள்வி, நீ கம்யூனிஸ்டா. கடைசிக் கேள்வி, கல்யாணம் எப்போது. நாள் முழுக்க உப்பைக் கரைத்துச் சோதிக்கிற நான் உப்பைப் பற்றி ஒன்றுகூட எழுதவில்லை. கமிட்டியில் இருப்பவர்களை அண்ணாச்சி என்று கூப்பிடாதே என்று மட்டும் அடியில் கோடிட்டிருந்தேன்.

நேர்காணல் அன்று வெளியே பெஞ்சில் காத்திருந்தேன். கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே முதல்வர், ஒரு பேராசிரியர், கல்லூரிக்குக் கட்டடம் கட்டிக் கொடுத்த உப்பள முதலாளி. படித்த இருவரும் தொண்டையைச் செருமுவதற்குள் முதலாளி ஆரம்பித்துவிட்டார்.

"ஏம்மா, அங்கன வெயிலே கிடையாதுங்காக. உப்பு எப்படி விளையும்?"

"விளையாது அண்ணாச்சி. பெரிய இரும்புத் தட்டுல உப்புத் தண்ணிய ஊத்தி, விறகு வச்சுக் காய்ச்சுவாங்க."

"விறகா? ஒரு காடே போயிருமே!"

"போச்சு."

"சரி, முழுசா வத்தவிட்டா உப்பு கசக்குமே. கசப்புத் தண்ணிய எப்ப வடிச்சாக?"

எனக்கு விடை தெரியும். ஆனால் பெஞ்சில் இருப்பவளை யாரும் நேர்காணலுக்கு அழைக்கவில்லை.

"நான் படிச்ச ஆவணங்கள்ல அது இல்ல. எனக்குத் தெரியாது" என்றாள் அக்கா.

போச்சு, ஆழ்வார்திருநகரிதான் என்று நினைத்தேன்.

முதலாளி சிரித்தார். "அஞ்சு வருஷம் படிச்சும் தெரியலையாக்கும்! ஆனா இதுக்கு முன்ன வந்தவன் எதைக் கேட்டாலும் தெரியும்னுட்டான். உப்பு மரத்துல காய்க்குமான்னு கேட்டிருந்தா அதுக்கும் ஆமாம்னிருப்பான். இந்தப் பிள்ளையவே போடுங்க."

முதல்வரும் பேராசிரியரும் நன்றாகச் சிந்தித்து, சுயமாக அதே முடிவுக்கு வந்தார்கள். அப்பா ஆழ்வார்திருநகரிக்கு ஒரு கார்டு போட்டார்.

பாடத்திட்டத்தில் ரஷ்யா இல்லை. நெப்போலியன் மாஸ்கோ போய்த் திரும்புகிற ஒரு வகுப்பு மட்டும் உண்டு. ஐந்து வருடப் படிப்புக்கு வருடத்தில் ஐம்பது நிமிடம். அக்கா நெப்போலியனை ஐந்து நிமிடத்தில் ஊருக்கு அனுப்பிவிட்டு, மிச்ச நேரமெல்லாம் உப்பு காய்ச்சுகிறாள். உப்பளத்து வீடுகளிலிருந்து வருகிற பிள்ளைகளும் அதே கசப்புத் தண்ணீரைப் பற்றித்தான் கேட்கிறார்களாம்.

"ஏளா, அதை எப்ப வடிக்கணும்னு எழுதிக் குடு" என்றாள் போன மாதம். ஆறு குறிப்புகளாக எழுதிக் கொடுத்தேன். மறுநாளே திருப்பித் தந்துவிட்டாள்.

"நீ நம்ம ஊர்ல வடிக்கத எழுதியிருக்க. அந்தத் துறவிங்க வடிச்சாங்களான்னு யாருக்குத் தெரியும்?"